சாக்லேட்டில் முக்கிய சக்கை

மே 5, திங்கள்

வலது கணுக்காலில் கட்டு. சிங்காநல்லூர் சிக்னலில் மழை இல்லை, குழி இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. நானாகத்தான் வண்டியோடு விழுந்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஜவ்வு கிழிந்திருக்கிறது. மூன்று வாரம் காலை ஊன்றாமல் ஐஸ் பை வைத்துக்கொண்டு கிடக்க வேண்டுமாம்.

பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் ஷிப்ட் இன்ஜினியர் நான். மெஷின் அரை நாள் நின்றால் பத்துப் பேர் போன் செய்வார்கள். நான் நின்றதற்கு ஒருவனும் செய்யவில்லை. பொழுது போகாமல்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் மூன்று பேர். அப்பா, நான், அவர்.

அவர் என்றால் ரெத்தினபாய். பிப்ரவரியில் அப்பா ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டவர். அப்பா பம்புசெட் கம்பெனியில் சர்வீஸ் பார்க்கிறார். இவர் நாகர்கோவிலில் அதே பம்புசெட்டை விற்கும் கடையில் ஆர்டர் சொல்கிற வேலையில் இருந்தார். நாலு வருஷம் போனில் இம்பெல்லரைப் பற்றியும் பேரிங்கைப் பற்றியும் பேசியே இங்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். இப்போதும் இல்லை. கூப்பிடத்தான் ஒரு சொல் இல்லை. அதனால் சமையலறைப் பக்கம் திரும்பி, ஃபிரிட்ஜைக் கேட்பதுபோல், "காபி இருக்குதுங்களா?" என்பேன். காபி வந்துவிடும்.

வந்த புதிதில் அவர் என்னை மக்ளே, மக்ளே என்று கூப்பிட்டார். "நான் உங்க மகன் இல்லீங்க, சசின்னே கூப்பிடுங்க" என்று நேராகச் சொன்னேன். அதிலிருந்து "தம்பி." அதுவும் "நீங்க, வாங்க" போட்டு. பிரச்சினை தீர்ந்தது. மனதில் வைத்துக்கொண்டு புழுங்குவதைவிடச் சொல்லிவிடுவது நல்லது.

மே 8, வியாழன்

சிலிண்டர் கொண்டுவந்தவனை "பைய எறக்கி வை மக்ளே" என்றார். பைய என்றால் மெதுவாக. வராந்தாவில் வந்து நிற்கும் பூனையை "போ மக்ளே" என்று விரட்டினார். கீழே வாட்ச்மேன் அவருக்கு "மக்கா." இருவருக்கும் ஒரே வயதாம், அதனால்.

ஆக, அந்த ஊரில் அது எல்லாருக்கும் போடுகிற சொல். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. நான் எதையும் இழக்கவில்லை.

மே 9, வெள்ளி

எங்கள் அபார்ட்மெண்டில் வருஷா வருஷம் பள்ளி திறப்பதற்கு முன்னால் கோடை விழா நடக்கும். கார் நிறுத்துமிடத்தில் விளையாட்டு, பாட்டு, சாப்பாடு. குழந்தைகளுக்கான இனிப்பு ஒரு வீட்டாரின் பொறுப்பு. இன்று கூட்டம். யார் செய்கிறீர்கள் என்று செயலாளர் பூங்கோதை அக்கா கேட்க, எல்லாரும் தரையைப் பார்த்திருக்கிறார்கள். இவர் கையைத் தூக்கிவிட்டார்.

அப்பா மேலே வந்து பெருமையாகச் சொன்னார். "பழத்தைச் சாக்லேட்டுல முக்கித் தர்றாளாம் கண்ணு. குச்சியில குத்தி."

"எத்தனை பேருக்குங்க?"

"அம்பது குழந்தைங்க. பெரியவங்க தனி."

"முன்னாடி செஞ்சிருக்காங்களா?"

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பினார். அவர் அங்கிருந்து சொன்னார்: "செல்போன்ல பாத்திருக்கேன் தம்பி. செய்யக்கூடிய காரியம்தான்."

பூங்கோதை அக்கா அவரை இன்னமும் "நஞ்சப்பன் சார் வீட்டுல புதுசா வந்திருக்கிறவங்க" என்றுதான் சொல்கிறார். மூன்று மாதமாகப் புதுசு. குடிவைத்த வாடகைக்காரரைக்கூட ஒரு மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

பாத்ரூமுக்குப் போகும் வழியில் அவருடைய நீலப் பெட்டியில் ஊன்றுகோல் இடித்தது. இன்னும் பெட்டியிலிருந்துதான் புடவை எடுக்கிறார். துவைத்து மடித்து அதற்குள்ளேயே வைக்கிறார். அலமாரியில் இரண்டு தட்டு காலியாக இருக்கிறது. இடத்தைப் பயன்படுத்தத் தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

முதல் சோதனை. படுதோல்வி.

ஊட்டி ஸ்ட்ராபெர்ரி ஒரு பெட்டி, சமையல் சாக்லேட் ஒரு கட்டி. சாக்லேட்டை உருக்கிப் பளபளவென்று வைத்துவிட்டு அவர் குச்சி வாங்கக் கடைக்குப் போனார். போன வழியிலிருந்து அப்பாவுக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"இங்க பாருங்க, பழத்த எடுத்து வெளிய வையுங்க. சாக்லேட்டுல வெள்ளம் மட்டும் படப்பிடாது, கேட்டியளா?"

"சரி சரி" என்று அப்பா வைத்தார். என்னைப் பார்த்தார். "வெல்லமா? நான் எதுக்கு வெல்லம் போடறேன்? அதுலயே சக்கரை இருக்குதில்ல?"

எனக்கும் வெல்லம் என்றுதான் காதில் விழுந்தது. வெல்லம் போடாதே என்று ஒருவர் மெனக்கெட்டுப் போன் செய்வாரா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அப்பா வெல்ல டப்பாவை எடுத்துப் பரண்மேல் பத்திரமாக வைத்தார். பிறகு உதவி செய்வதாக நினைத்து ஸ்ட்ராபெர்ரியைக் குழாயில் நன்றாக அலசி, சொட்டச் சொட்டச் சாக்லேட்டில் போட்டார். ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் கண்ணெதிரே ஈர சிமெண்டு ஆனது. கரண்டி அதில் நட்டுக்கொண்டு நின்றது.

அவர் வந்து பார்த்தார். "வெள்ளம் படப்பிடாதுன்னு சொன்னேம்லா?"

"போடவே இல்லையே. டப்பாவ மேல ஏத்தி வெச்சுட்டேன் பாரு" என்று அப்பா பரணைக் காட்டினார்.

அவர் பரணைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், அப்பாவின் ஈரக் கையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "தண்ணிங்க! எங்க ஊருல தண்ணிக்கு வெள்ளம்னு சொல்லுவோம். நல்லவேளை, என்னையும் கழுவிப் பரணுல ஏத்தாம விட்டியளே."

அப்பாவும் சிரித்தார். ஐந்து நிமிஷம் இருவரும் நிறுத்தவில்லை. இந்த வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டு நாளாகிறது. டிவி ஒலியை ஏற்றிக்கொண்டேன். பிறகு அணைத்துவிட்டேன். டிவியில் ஒன்றும் நன்றாக இல்லை.

மே 12, திங்கள்

வீடெல்லாம் சாக்லேட் நாற்றம். கால் அரிக்கிறது.

மே 14, புதன்

வேடிக்கை பார்க்க முடியவில்லை. பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

இது மோல்டிங் வேலைதான். பொருள் ஈரமாக இருக்கக் கூடாது, உருகும் சூடு சரியாக இருக்க வேண்டும், குளிரும் வேகம் சரியாக இருக்க வேண்டும். கம்பெனியில் பிளாஸ்டிக் குருணையைக் காயவைக்காமல் மெஷினில் கொட்டினால் கத்துகிறவன் நான். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் போட்டுக்கொண்டு, துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரைச் சாக்லேட்டை நோக்கி நீட்டினேன்.

"சூடு ஜாஸ்தி. இறக்குங்க."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் ஆறட்டும். கிண்டிக்கிட்டே இருங்க. இப்ப. இப்ப முக்குங்க!"

"சுட்டுருவேன்னு மெரட்டுகது மாதிரில்லா இருக்கு" என்றார்.

கோவையின் மே மாத வெயிலில் வீட்டுக்குள்ளேயே முப்பத்தி நாலு டிகிரி. அசல் சாக்லேட் நிற்காது. பேக்கரிக்காரர்கள் வாங்கும் காம்பவுண்ட் சாக்லேட் வேண்டும் என்று அப்பாவை டவுன்ஹாலுக்கு அனுப்பினேன். அது நின்றது. ஸ்ட்ராபெர்ரிதான் நிற்கவில்லை. மேலே ஓடு இறுகியதும் உள்ளே அழுதுவிடுகிறது. ஓட்டில் துளை போட்டுச் சாறு வழிகிறது. மாம்பழம் அதைவிட மோசம், வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வாழைப்பழத்தை உறையவைத்து முக்கினால் ஓடு விரிசல் விடுகிறது.

சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தோம். அவர் உழவர் சந்தையில் வாங்கிய பலாப்பழத்தை எண்ணெய் தொட்டு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சுளை நீட்டினார். மீந்த சாக்லேட் பக்கத்தில் இருந்ததால் தொட்டேன். மேலே வழவழவென்று, ஆனால் ஈரமில்லாமல் இருந்தது சுளை. சாக்லேட் ஒரே சீராகப் படிந்தது. ஃபிரிட்ஜில் பத்து நிமிஷம். கடித்தேன்.

டக்.

அந்தச் சத்தம்! சரியான ஓடு அப்படித்தான் உடையும். உள்ளே சில்லென்று பலாச்சுளை.

"இதுதான். இதேதான். ஃபிக்ஸ்" என்று கத்தினேன்.

அவர் ஒன்றைக் கடித்துக் கண்ணை மூடினார். "கொள்ளாம்." அப்படியென்றால் பிரமாதம் என்று அர்த்தமாம். "கொட்டை இருந்த எடத்துல ஒரு வறுத்த முந்திரி வச்சா?"

வைத்தோம். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை. ஏழு தின்றேன்.

மே 16, வெள்ளி

சுளையைக் கீறிக் கொட்டை எடுக்க அவர், முந்திரி வைக்க அப்பா, முக்க நான். எனக்குக் கை நடுங்காது. "நல்ல கைராசி தம்பி ஒங்களுக்கு" என்றார். ராசி இல்லை, பயிற்சி என்று திருத்தினேன்.

பூனைக்கு மட்டும் "ஒனக்குச் சாக்லேட் ஆகாது மக்ளே" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். பூனைக்கு என்ன புரியப்போகிறது.

மே 17, சனி

மடையர்கள்.

காலையில் அவர் அபார்ட்மெண்டின் வாட்ஸ்அப் குழுவில் குரலிலேயே ஒரு செய்தி போட்டார். போடும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்திருந்தால் தடுத்திருப்பேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் நாலு சி ரெத்தினபாய். இருபத்தஞ்சாந் தேதி நம்ம பிள்ளையளுக்கு நான் நல்ல சக்கை தாறேன். பெரியவங்களுக்கும் உண்டு. ஒருத்தரும் வராம இருக்கப்பிடாது."

அவர் ஊரில் பலாப்பழத்துக்குச் சக்கை என்று பேராம். எங்கள் ஊரில் கரும்பை மெஷினில் விட்டுச் சாறு பிழிந்த பிறகு குப்பையில் போடுகிறோமே, அதற்குத்தான் சக்கை என்று பேர்.

முதல் பதில் இரண்டாவது மாடியிலிருந்து: "அப்ப சாறு யாருக்குங்க?"

அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள், வரிசை வரிசையாக. ஒருவர், "மாட்டுக்கு மீதி வைங்க." கடைசியில் பூங்கோதை அக்கா: "அவங்களுக்கு எதுக்குங்க சிரமம். பாவம் புதுசு. ஐஸ்கிரீம் சொல்லிடறேன்."

அவர் எல்லாவற்றையும் படித்தார். "அய்யோ, நான் என்ன சொல்லிட்டேன்" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு இல்லை அது. மதியம் சாப்பிடவில்லை. எனக்குப் பரிமாறியபோது, "தம்பி, தண்ணி வேணுமா?" என்றார்.

தண்ணி என்றார்.

நான் குழுவில் எழுதினேன், அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்: "சக்கை என்றால் பலாப்பழம். நாகர்கோவிலில் அப்படிச் சொல்வார்கள். தெரியாவிட்டால் கேட்கலாம், பொம்மை போட வேண்டியதில்லை. ஐஸ்கிரீம் தேவையில்லை. 25ஆம் தேதி ஆளுக்கு இரண்டு சக்கை. சசிதரன், 4சி."

தகவல் பிழையைத் திருத்தினேன். அவ்வளவுதான்.

மே 18, ஞாயிறு

காலையில் நீலப் பெட்டி ஹாலில் நின்றது.

"ஒரு பத்து நாளு ஊருக்குப் போயிட்டு வாறேன்" என்றார் அப்பாவிடம். "அக்கா வீட்டுல பாத்து நாளாச்சு. அதுக்குள்ள இந்த விழாவும் முடிஞ்சிரும்."

அப்பா காற்று அடைத்துக்கொண்ட பம்பு மாதிரி நின்றார். வாய் திறக்கிறது, ஒன்றும் வரவில்லை. ஆயிரம் பம்பைச் சரிசெய்தவர்.

நான் சொன்னேன்: "நீங்க போனா யாருங்க கொட்டை எடுக்கறது?"

"ஐஸ்கிரீம் சொல்லியாச்சுல்லா தம்பி."

"அது அவங்க திங்கட்டும். நான் ஆளுக்கு ரெண்டுன்னு எழுதிட்டேன். எம்பேரு போட்டு எழுதிருக்கேன். உங்களால எனக்கு மானம் போகணுமாங்க?"

"என்னால ஒங்களுக்கு மானம் போகக் கூடாதுன்னுதான் போறேன்."

தெர்மாமீட்டர் கையில் இருந்தது. அதை அவர் நெற்றியை நோக்கி நீட்டினேன். "சூடு ஜாஸ்தியா இருக்குது. ஆறட்டும். அப்புறமா முடிவு பண்ணலாம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளிவைத்தார். அறைக்குள் கொண்டுபோகவில்லை. ஹாலிலேயே, வாசலைப் பார்த்து நிற்கிறது. விழா முடிந்த மறுநாள் ரயிலுக்கு டிக்கெட்டை மாற்றிக்கொண்டாராம்.

மே 21, புதன்

பலாப்பழம் மூன்று வந்தது. அப்பா கை முழுக்கப் பிசின், கதவைத் திறக்க முடியவில்லை.

மே 24, சனி

இருநூறு சக்கை. நானே இனி அப்படித்தான் சொல்லப்போகிறேன். ஃபிரிட்ஜில் பாதி. மீதியை எதிர் வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க அப்பா கெஞ்சி இடம் வாங்கினார். அந்த வீட்டில் இரண்டு குறைந்திருக்கிறது. கேட்டால், "ஓடு எப்படி உடையுதுன்னு பாத்தோமுங்க" என்கிறார்கள்.

பிரச்சினை ஒன்று பாக்கி. கீழே கார் நிறுத்துமிடம் அடுப்பு மாதிரி இருக்கும். பரிமாறி முடிக்கும்வரை குளிர்ச்சி நிற்க வேண்டும். தெர்மக்கோல் பெட்டி கடையில் கிடைக்கவில்லை. பெரிய, மூடி உள்ள, சக்கரம் வைத்த ஏதாவது வேண்டும்.

மே 26, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் அவர் குளிக்கப் போயிருந்தபோது நீலப் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து அலமாரியின் காலித் தட்டுகளில் வைத்தேன். பெட்டியின் உள்ளே தெர்மக்கோல் அட்டை ஒட்டினேன். என் கால் ஐஸ் பைகள் எல்லாவற்றையும் துண்டில் சுற்றி அடியில் அடுக்கினேன். துண்டு முக்கியம், இல்லாவிட்டால் வேர்த்து வெள்ளம் பட்டுவிடும். அதன்மேல் தட்டுகள். கச்சிதமாக இருந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "பரண்மேல என்னோட பெட்டி ரெண்டு சும்மாதான் கெடக்குது கண்ணு."

"அளவு பத்தாதுங்க."

"அளந்தியா?"

"பாத்தாலே தெரியுது."

அப்பா என் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்.

அவர் வந்து பார்த்தார். திறந்த பெட்டி, உள்ளே சக்கை. "எஞ் சேலை எல்லாம்?"

"அலமாரியில இருக்குதுங்க. நேரமாச்சு, வாங்க."

கீழே போனால் மேஜையின் அந்தப் பக்கம் பூங்கோதை அக்காவின் ஐஸ்கிரீம் கப்புகள். இந்தப் பக்கம் எங்கள் நீலப் பெட்டி. நான் ஒரு பெரிய அட்டையில் தடித்த பேனாவால் "சக்கை" என்று எழுதிப் பெட்டிமேல் ஒட்டினேன். அவர், "வேண்டாம் தம்பி, பலாப்பழம்னு எழுதுங்க" என்றார். முடியாது என்றேன்.

குழந்தைகள் முதலில் வரவில்லை. தூரமாக நின்று அட்டையைப் படித்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அவர் முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றார். முதல் மாடி இனியா, ஆறு வயது, யார் பேச்சும் கேட்காதவள், அவள்தான் வந்தாள்.

"இது குப்பையாங்க மாமா?"

"கடிச்சுப் பாத்துச் சொல்லு."

கடித்தாள். டக். எல்லாருக்கும் கேட்டது. அவள் கண் பெரிதானது. உள்ளே இருந்த முந்திரியை வெளியே எடுத்துப் பார்த்தாள், மறுபடி வாயில் போட்டாள். திரும்பி நின்று கார் நிறுத்துமிடமே அதிரக் கத்தினாள்: "டேய்! சக்கை சூப்பர்டா!"

பிறகு நான் கையைக் காப்பாற்றிக்கொண்டதே பெரிது. சக்கை, சக்கை, எனக்கு ஒரு சக்கை, அவனுக்கு ரெண்டு எனக்கு ஒண்ணா. டக் டக் டக் என்று நாலா பக்கமும் சத்தம். "சாறு யாருக்கு" என்று எழுதிய இரண்டாவது மாடிக்காரர் மூன்றாவது முறையாக வந்து நின்றார். "உங்களுக்குச் சாறு எடுத்து வெச்சிருக்குங்க" என்றேன். "அட, உடுங்க தம்பி" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். ஐஸ்கிரீம் அந்தப் பக்கம் பாயசமாகிக்கொண்டிருந்தது.

கடைசியில் பூங்கோதை அக்காவே வந்தார். ஒன்றைக் கடித்தார். மென்றார். "ஏனுங்க ரெத்தினா அக்கா, இந்தச் சக்கைய எனக்குச் சொல்லிக் குடுக்கோணும்" என்றார். முதல் முறையாகப் பெயர்.

"அதுக்கென்ன மக்கா, நாளைக்கு வா. வெள்ளம் மட்டும் படப்பிடாது" என்றார் அவர்.

"வெல்லமா? அது எதுக்குங்க போடறோம்?"

அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அய்யோ, இருங்க, இருங்க, நான் சொல்றேன்!"

பெட்டி காலி. ஐஸ் உருகி, ஒரு தட்டு கவிழ்ந்து, உள்துணி முழுக்கச் சாக்லேட்டும் பலாச்சாறும். ஜிப்பில் பிசின் ஏறி இறுகிவிட்டது. அப்பா இழுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய பழுதைக் கண்டுபிடித்த மெக்கானிக்கின் சந்தோஷத்தோடு அறிவித்தார்: "இது இனிமே பயணத்துக்கு ஆகாது."

"கேடில்ல" என்றார் அவர். "அடுத்த வருஷம் சக்கை கொண்டாறதுக்கு ஆகும்."

டிக்கெட்டை அப்பா கீழேயே நின்று போனில் ரத்து செய்தார்.

மேலே வந்தோம். ஊன்றுகோலோடு அவ்வளவு நேரம் நின்றதில் கால் வலித்தது. தொண்டை வறண்டிருந்தது. அவர் சமையலறையில் தட்டுகளை ஊறவைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் வெள்ளம் குடுங்க."

அவர் கை தட்டுமேல் அப்படியே நின்றது. திரும்பினார். கையைத் துடைத்துக்கொண்டு பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டார்.

"இந்தா மக்ளே" என்றார். "பைய குடி."

குடித்தேன். டம்ளரை நீட்டினேன். மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தேன்.

முதல் டம்ளருக்குத் தாகம் இருந்தது.